தடுத்தவர் நிற்கும் இடம்

நதீம் காலையில் எழுந்தான். முகம் கழுவினான். தொழுதான். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்தான். அலமாரியிலிருந்து இரண்டு டம்ளர் எடுத்தான். ஒன்றைத் திரும்ப வைத்தான். டீயை நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு போய் வாசற்கதவைத் திறந்தான்.

வெளியே ஒரு பெருங்கூட்டம் நின்றிருந்தது. அவனைக் கண்டதும் ஒரே குரலில், "யார் தடுத்தாலும் ஓடுவோம்!" என்று கத்தியது.

நதீம் கூடையைச் சுவரோரம் வைத்தான். கூட்டம் இன்னொரு முறை கத்தியது. பிறகு இடுப்பை இரண்டு பக்கமும் வளைத்து, காலை உதறிக்கொண்டு, பென்னாகரம் ரோட்டைப் பார்த்து ஓடியது. கடைசியாக ஓடிய பெரியவர் மட்டும் திரும்பி வந்தார்.

"தண்ணி கெடைக்குங்களா?"

நதீம் செம்பில் கொண்டுவந்து கொடுத்தான். அவர் அண்ணாந்து குடித்தார். செம்பைத் திருப்பித் தந்தார். மூச்சு அடங்கியதும், "யார் தடுத்தாலும் ஓடுவோம்" என்று அவனிடம் தனியாகவும் ஒரு முறை சொல்லிவிட்டுப் போனார்.

இது தினமும் நடப்பது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டம் அதிகம்.

எல்லாம் விளம்பரத்தால் வந்தது. சரியாகச் சொன்னால் இரண்டு விளம்பரங்கள்.

ஷூ கம்பெனியின் முதல் விளம்பரம் வந்தபோது அவன் மனைவி சாதியா உயிரோடு இருந்தாள். தர்மபுரி கடைவீதியில் நதீம் டி.வி. சர்வீஸ் கடை வைத்திருந்தான். பி.காம். முடித்துவிட்டு அப்பாவின் கடையில் உட்கார்ந்தவன். மதியச் சாப்பாடு கொண்டுவந்த சாதியா, பழுது பார்த்து ஓடவிட்டிருந்த ஒரு டி.வி. முன்னால் நின்றுவிட்டாள். யாரோ ஒரு பெண், ரோட்டில் பள்ளமே இல்லாத ஏதோ ஒரு ஊரில், மழையில் ஓடிக்கொண்டிருந்தாள். முடிவில் திரை கறுத்து எழுத்து வந்தது: உன்னைத் தடுப்பது யார்?

"ஆமா, யாரு?" என்றாள் சாதியா. டிபன் கேரியர் இன்னும் கையில் இருந்தது.

"யாருமில்ல" என்றான் நதீம். அவன் கவனம் ஸ்க்ரூவில் இருந்தது.

மறுநாள் விடிகாலை ரப்பர் செருப்போடு தெருமுனை வரை ஓடினாள். வார் அறுந்தது. அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். அன்று சாயங்காலம் அதே கம்பெனியின் ஷூவை நதீம் வாங்கிக் கொடுத்தான். அடுத்த வாரம் நாய்கள் துரத்தின. பைக்கில் ஒரு குச்சியைச் செருகிக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். அவள் வேகத்துக்கு பைக் ஓட்டுவது சுலபமில்லை. அடிக்கடி ஆஃப் ஆகும். கொஞ்ச நாளில் அடுத்த தெரு மலர்விழி சேர்ந்துகொண்டாள். பள்ளிக்கூட டீச்சர். அவள்தான் சாதியா ஓடுவதை வீடியோ எடுத்துப் போட்டவள். முதலில் டீச்சர்கள் பார்த்தார்கள். கடைசியில் கம்பெனி பார்த்தது.

விளம்பரம் சொன்னது அப்படியே நடப்பது அபூர்வம். முகக் களிம்பு பூசிய யாரும் வெளுத்து நதீம் பார்த்ததில்லை. இந்த விளம்பரம் மட்டும் நிஜமாகவே ஒருத்தியை எழுப்பி ஓட வைத்துவிட்டது. கம்பெனியால் அதை நம்ப முடியவில்லை. பெங்களூரிலிருந்து ஆள் அனுப்பியது.

இரண்டு நாள் படம் எடுத்தார்கள். முதல் நாள் தெருவில் ஓடவிட்டு எடுத்தார்கள். இரண்டாம் நாள் கம்பைநல்லூர் ரோட்டில் ஒரு வெற்று மைதானத்தில் எடுத்தார்கள். பேட்டியும் அங்கேதான். அன்று காலை அவளுக்கு உடம்பு சுட்டது. ஒரு மாத்திரையைக் கொடுத்துக் கூட்டிப் போனான். குடும்பத்தினர் கண்ணில் பட்டால் பேச்சில் இயல்பு போய்விடும் என்று அவனைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்தினார்கள். அங்கே நிழல் என்று சொல்ல ஜெனரேட்டர் வண்டி ஒன்றுதான் இருந்தது. அதன் பக்கத்தில் நிற்க முடியாது, புகை. திரும்பும்போது பைக்கில் அவன் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் காய்ச்சல் பேச்சு. டெங்கு என்றார்கள். சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே வாயில் குழாய் வைத்தார்கள். ஓட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். நதீம் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. மண்டல மேலாளர் அருள்குமார் பேசினார். அவர் குரல் தழுதழுத்தது. "மேடம் நெனைவா அந்தப் படத்த வெளியிடறோம் சார். உங்களுக்குச் சம்மதந்தானே?" நினைவாக என்றதும் நதீம் சரி என்றான்.

அவள் இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த வாரத்தில் இரண்டாவது விளம்பரம் வந்தது.

ஒரு வாடிக்கையாளரின் டி.வி.யைச் சரிசெய்து, சத்தம் வருகிறதா என்று பார்க்கப் போட்டான். இருட்டான வீடு. தாடி வைத்து, தொப்பி போட்டு, கண்ணில் சுர்மா தீட்டிய ஓர் ஆள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறான். கதவை அறைகிறான். கதவுக்கு இந்தப் பக்கம் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்; முகம் தெரியவில்லை. அப்போது சாதியாவின் குரல் வருகிறது: "எங்க வூட்டுக்காரரு ஓடாதேன்னு சொன்னாரு." 'சொன்னாரு' என்ற இடத்தில் குரல் உடைகிறது. கதவு திறக்கிறது. சாதியா ஓடுகிறாள். இந்த முறை அவள் முகம்தான். பின்னால் பைக் இல்லை. குச்சி இல்லை. நாய்கூட இல்லை. எழுத்து வருகிறது: அவள் இன்னும் ஓடுகிறாள்.

"சத்தம் நல்லா வருது பாய்" என்றார் வாடிக்கையாளர். பிறகு அவனைப் பார்த்தார். பிறகு டி.வி.யைப் பார்த்தார். கூலியை மேஜையில் வைத்துவிட்டு, "உங்கள நான் என்னமோன்னு நெனச்சிருந்தேங்க" என்று சொல்லிவிட்டு டி.வி.யைத் தூக்கிக்கொண்டு போனார்.

மாரண்டஹள்ளியிலிருந்து மாமியார் ஷகிலா போன் செய்தார். "அவ வாயாலயே சொல்லிட்டாளே, மாப்பிள்ளே" என்றார். வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

பள்ளிவாசல் செயலாளர் நூர் பாஷா தொழுகை முடிந்ததும் அவனை ஓரமாக அழைத்துப் போனார். "ஏம்பா, ஜமாத்துல நாங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே. எம் மருமக கூட ஓடுறா. நீ எதுக்கு அவசரப்பட்டு ஓடாதேன்ன?"

"நான் சொல்லல மாமு."

"அவதான் சொல்றாளே."

அதுதான் விஷயம். குரல் அவளுடையது. நடிகரைக் கொண்டுவரலாம், வீட்டைக் கட்டலாம். அந்தக் குரலைக் கொண்டுவர முடியாது. எப்போது சொன்னேன் என்று நதீம் யோசித்துப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்கு முந்தியது எதுவும் தெளிவாக நினைவுக்கு வரவில்லை. ஒரு வீட்டில் எத்தனை முறை வேண்டாம் என்று சொல்லியிருப்போம். மறந்தும் இருப்போம். கேட்டவள் அதில் எதை எடுத்து உள்ளே வைத்திருந்தாளோ. அவன் பைக்கில் பின்னால் போனபோதெல்லாம் அதை வைத்துக்கொண்டுதான் முன்னால் ஓடினாளோ.

அவனுக்கு வேண்டியது இது ஒன்றுதான். அவள் என்ன சொன்னாள் என்று தெரிய வேண்டும்.

இதற்கிடையில் மாவட்டம் ஓட ஆரம்பித்துவிட்டது. உண்மையாகவே ஓடியது. கடைவீதியில் அடுத்த கடைக்கு வண்டியில் போகிற ஜவுளிக்கடைக்காரர்கள் ஓடினார்கள். வக்கீல்கள் ஓடினார்கள். அந்தக் குரல் உடைகிற இடத்தில் மாவட்டமே அழுதது. அழுத கையோடு ஷூ வாங்கியது. இத்தனை பேரை நெறிப்படுத்த ஒரு கூட்டமைப்பு தேவைப்பட்டது. மாவட்ட ஓட்ட ஊக்குவிப்புக் கூட்டமைப்பு உருவானது. தலைவர் முனிராஜ். தொப்பூர் கணவாயில் லாரிக்காரர்களுக்கு ஹோட்டல் நடத்துகிறவர். ஓடுகிறதை நிறுத்திச் சாப்பிட வைப்பது அவர் தொழில். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. டிராக் சூட் மட்டும் எப்போதும் போட்டிருப்பார்.

கூட்டமைப்பில் சேரப் படிவம் உண்டு. பெயர், வயது, ஷூ அளவு, உங்களைத் தடுப்பவர் யார். கடைசிக் கேள்வியைக் காலியாக விட்டால் திருப்பி அனுப்பினார்கள். 'முட்டிவலி' என்று எழுதிய ஓய்வுபெற்ற தாசில்தாரிடம், முட்டி ஒரு நபர் அல்ல என்று பணிவாக விளக்கினார்கள். அவர் மருமகளின் பெயரை எழுதினார். அந்தப் பெண்தான் தினமும் அவருக்கு ஷூ லேஸ் கட்டிவிடுபவள். தடுக்க ஆளில்லாதவர்கள் திண்டாடினார்கள். பாலக்கோட்டில் ஒரு பெண் தன்னைத் தடுக்கச் சொல்லிக் கணவரைக் கெஞ்சியதாகவும், அவர் மறுத்துவிட்டதால் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றும் கேள்வி.

மலர்விழி ஒருநாள் கடைக்கு வந்தாள். "அண்ணா, நான் நாய்னு எழுதிக் குடுத்தேன். திருப்பிட்டாங்க. எங்க வூட்டுக்காரரு பாவம், எழுந்திரு எழுந்திருன்னு அஞ்சு மணிக்கே வெரட்டுறவரு. அவரு பேரையே எழுதி, அவரு கையாலயே கையெழுத்தும் வாங்கிக் குடுத்துட்டேன்."

"அவரு ஒண்ணும் சொல்லலையா?"

"டி சர்ட் ஃப்ரீன்னதும் போட்டுட்டாரு." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "சாதியா அப்படிச் சொல்ற ஆளு இல்லண்ணா."

"சொல்லியிருக்காளே."

மலர்விழி கிளம்பினாள். படியில் இறங்கியவள் திரும்பினாள். "அன்னிக்கு ரொம்ப நேரம் எடுத்தாங்கல்ல. டி.வி.ல வர்றது துண்டுதான். முழுசா வச்சிருப்பாங்க. போயிக் கேளுங்க."

நதீம் கடையைப் பூட்டிவிட்டுப் போனான்.

கூட்டமைப்பு அலுவலகம் முனிராஜின் கல்யாண மண்டபத்து மாடியில் இருந்தது. அன்று பெரிய ஓட்டத்துக்கான கூட்டம். அருள்குமார் இருந்தார். பெங்களூர் விளம்பர நிறுவனத்திலிருந்து கலைமதி வந்திருந்தாள்; விளம்பரத்தை எழுதியவள், பேட்டி எடுத்தவளும் அவள்தான். சுவர் முழுக்க சாதியாவின் படம். அவளுக்குப் பின்னால் பனி மூடிய மலை இருந்தது.

முனிராஜ் நாற்காலியில் இருந்தபடியே இரு கைகளையும் விரித்தார். "வாங்க பாய், வாங்க! இவ்ளோ பெரிய இயக்கத்துக்கு நீங்கதானுங்களே மூலகாரணம்!"

"எங்க வூட்டு முன்னால வந்து நின்னு கத்துறாங்க" என்றான் நதீம். "அத நிறுத்தணும்."

"உள்ள வரைக்கும் கேக்குதுங்களா?" முனிராஜின் முகம் மலர்ந்தது. "அருள், குறிச்சிக்கோங்க. உள்ள வரைக்கும் கேக்குதாம்."

அருள்குமார் குறித்துக்கொண்டார். "அது முக்கியமான பாயிண்ட் சார். ரூட் மேப்ல அந்த இடத்துக்குப் பேரே உண்டு. 'தடுத்தவர் நிற்கும் இடம்.' அதுவரைக்கும் மூச்சு வாங்கி வர்றவங்க உங்க கதவப் பாத்ததும் வேகம் எடுக்கறாங்க. கடைசிக் கட்டத்துக்குக் கோவம் வேணும் சார். குளுக்கோஸெல்லாம் அப்புறந்தான். ஆனா ஒரு குறை." தயங்கினார். "பல நாள் நீங்க வெளிய வர்றதே இல்லியாம். கம்பைநல்லூர்ல இருந்து மொத பஸ் புடிச்சி வர்றவங்க பூட்டுன கதவப் பாத்துக் கத்திட்டுப் போறாங்க. ரொம்ப ஏமாற்றமா இருக்குதுன்னு எழுதியிருக்காங்க."

"நான் அவளத் தடுக்கல" என்றான் நதீம்.

கலைமதிதான் முதலில் பேசினாள். நல்ல மாதிரியாகவே பேசினாள்.

"எங்களுக்குத் தெரியும் சார். நீங்க தடுக்கல. ஆனா கேள்வின்னு ஒண்ணக் கேட்டுட்டோமே. மொத விளம்பரத்துலயே 'உன்னைத் தடுப்பது யார்'னு கேட்டாச்சு. இதுல பதில் சொல்லியாகணும். நாய்னுதான் முதல்ல எழுதினேன். கம்பெனி வேணாம்னுட்டாங்க. நாய்க்கு ஆதரவாளர்கள் இருக்காங்க, கேஸ் போடுவாங்க. ரோட்டுப் பள்ளம்னு எழுதினேன். பள்ளத்துக்குப் பின்னால அரசாங்கம் இருக்கு. மாமியார்னா சீரியல் மாதிரி ஆயிடும். கணவர்தான் மிச்சம். கணவர்களுக்குச் சங்கம் கெடையாது சார்."

"அதுலயும் நீங்கன்னதும் எங்களுக்கு ரொம்ப வசதியாப் போச்சு" என்றார் அருள்குமார். "தப்பா எடுத்துக்காதீங்க பாய். வேற கணவருன்னா இவரு ஏன் தடுக்கறாருன்னு அஞ்சாறு செகண்டு காட்டணும். குடிக்கறாரா, சந்தேகமா, என்னான்னு. உங்களுக்கு அது தேவைப்படல. ஒரு தொப்பி போதும். மொத்தப் படமே முப்பது செகண்டுதான் பாருங்க."

"நான் தொழுவறப்ப மட்டுந்தான் தொப்பி போடுவேன்."

"அதனாலதான் நடிகருக்குப் போட்டோம்."

"பைக்ல பின்னால வந்தது நான்தான்."

"ஆமா சார்" என்றாள் கலைமதி. "பாதி ஷாட்ல இருக்கீங்க. குச்சியோட. கம்ப்யூட்டர்ல உக்காந்து ஒவ்வொண்ணா அழிச்சோம். நாய்ங்களையும்."

நதீம் சுவரில் இருந்த மலையைப் பார்த்தான். "அவ பேசினத முழுசாக் கேக்கணும்" என்றான்.

கலைமதி அருள்குமாரைப் பார்த்தாள். அருள்குமார், "அது கம்பெனிச் சொத்துங்களே" என்றார்.

முனிராஜ் நாற்காலியை முன்னால் நகர்த்தினார். கல்யாணப் பேச்சுவார்த்தைகள் பல நடந்த மண்டபம் அது. இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்க அவருக்குத் தெரியும். "கேக்கட்டும் விடுங்க. அவரு சம்சாரந்தானே. பாய், வர்ற ஞாயித்துக்கெழம பெரிய ஓட்டம். நீங்க உங்க வாசல்ல நிக்கணும். கைய இப்புடி நீட்டிக்கிட்டு. அம்புட்டுதான். கடைசி ஆளு போனதும் கேட்டுக்கோங்க."

"நின்னா போதுமா?"

"நிக்கறதுதானுங்க உங்க வேலையே."

நதீம் சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்தான். முகம் கழுவினான். தொழுதான். ஒரு டம்ளர் டீ குடித்தான். கதவைத் திறந்தபோது கூட்டமைப்பின் பயிற்சியாளர் ஒருவர் காத்திருந்தார். கறுப்பு டி சர்ட் கொடுத்தார். முன்னும் பின்னும் 'தடுத்தவர்' என்று எழுதியிருந்தது. ஒட்டுத்தாடியும் கொடுத்தார். விளம்பரத்தில் இருக்கிறபடி இல்லாவிட்டால் மக்கள் யாரோ என்று நினைத்துக் கடந்து போய்விடுவார்களாம். நதீம் ஒட்டிக்கொண்டான். தொப்பியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"கையத் தாழ்த்தக் கூடாது சார்" என்றார் பயிற்சியாளர். "இன்னும் கொஞ்சம் மேல. இப்ப டிராபிக் போலீஸ் மாதிரி இருக்குது. கணவர் மாதிரி இருக்கணும். விரல லேசா வெறப்பா வைங்க. ஆங், அதான். சுவரோரம் வேணாம், நெழலு விழுது. போட்டோவுல முகம் வராது. முன்னால வந்து நில்லுங்க."

முன்னால் வந்து நின்றான்.

விடிகாலையில் தொடங்க வேண்டிய ஓட்டம். சிறப்பு விருந்தினர் ஓசூரிலிருந்து வரவேண்டியிருந்தது. வழியில் அவர் காலை உணவுக்கு நின்றுவிட்டார். வெயில் ஏறியது. ஓட்டம் தொடங்கும் மைதானத்துப் பேச்சைத் தெருவெல்லாம் கேட்கும்படி கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். ஒன்று நதீம் தலைக்கு மேலேயே இருந்தது.

முதலில் முனிராஜ் பேசினார். "ஓடணும்! எல்லாரும் ஓடணும்! ஏன் ஓடணும்னு கேக்கக்கூடாது. கேட்டா நின்னுருவோம். நான் ஏன் ஓடலன்னு சில பேரு கேக்கறாங்க. வழிகாட்டிப் பலகை ஓடுச்சுன்னா வழிய யாருங்க காட்டறது?" கைதட்டல் கேட்டது.

அடுத்து அருள்குமார் பேசினார். தழுதழுக்கும் குரலில் ஆரம்பித்தார். "சாதியா மேடம் இன்னிக்கு நம்மகூட இல்ல. உயிரோட இருக்கறவங்கள வச்சு விளம்பரம் பண்றதுல எவ்ளோ கஷ்டம்னு எங்களுக்குத்தான் தெரியும். திடீர்னு எடை போட்டுருவாங்க. வேற கம்பெனி ஷூவ மாட்டிக்கிட்டு போட்டோ எடுத்துருவாங்க. முட்டி போயிடுச்சுன்னு ஒருநாள் நின்னுருவாங்க. சாதியா மேடம் அப்படியில்ல. அவங்க நிக்கவே மாட்டாங்க. எங்க கம்பெனி வரலாற்றுலயே இவ்ளோ நம்பகமான ஒருத்தர் கெடச்சதில்ல." பலத்த கைதட்டல்.

ஷகிலாவை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். மகளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஸ்பீக்கரில் பேச்சு வரவில்லை. அழுகைதான் வந்தது. தெருத் தெருவாக, கம்பத்துக்குக் கம்பம் வந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நதீமின் கை ஒரு கணம் தாழ்ந்தது. "கை, கை" என்றார் பயிற்சியாளர்.

பிறகு ஓடி வந்தார்கள்.

தெரு நிரம்பி வந்தார்கள். முதல் வரிசை அவனைக் கண்டதும் வேகம் எடுத்தது. அருள்குமார் சொன்னது பொய்யில்லை. "யார் தடுத்தாலும் ஓடுவோம்!" நீட்டிய கையைச் சிலர் தட்டிவிட்டுப் போனார்கள். சிலர் நின்று, அந்தக் கைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் அவன் காலடியில் துப்பினாள். துப்பியவள் படத்தில் சரியாக விழவில்லை என்று திரும்பி வந்து இன்னொரு முறை துப்பினாள். தாசில்தார், "ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சத்தமாகக் கத்தினார். நூர் பாஷாவின் மருமகள் உஸ்மா தலையைக் குனிந்துகொண்டு ஓடினாள். மலர்விழி வந்தாள். கூட்டத்தோடு வரும்போது கத்தாமல் இருக்க முடியாது. அவள் வாயை மட்டும் அசைத்தாள்.

உச்சி வெயில் வந்துவிட்டது. ஒட்டுத்தாடியின் பசை உருகிக் கழுத்தில் வழிந்தது. கடைசி ஆளும் போனபோது நதீமால் கையை உடனே மடக்க முடியவில்லை.

கலைமதி லேப்டாப்போடு வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். அவன் தாடியைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கேக்கணுமா சார்?" என்றாள். "பேட்டி எடுத்ததே நான்தான். இதைக் கேக்காம இருந்தா உங்களுக்கு நல்லதுன்னு தோணுது."

நதீம் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

திரையில் சாதியா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. துப்பட்டாவால் நெற்றியைத் துடைத்தாள். கேட்கிற குரல் கலைமதியுடையது.

"உங்களை ஓடவிடாமத் தடுத்தது யாரு மேடம்?"

"நாய்ங்க."

"மனுஷங்கள்ல?"

"யாருமில்லீங்க. அவரு குச்சி எடுத்துக்கிட்டு பின்னாலயே வருவாரு. பைக்கு வேற அடிக்கடி ஆஃப் ஆயிடும். நான் நின்னு காத்திருக்கணும்."

"ஒரு தடவகூட யாரும் ஓடாதேன்னு சொன்னதில்லியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

சாதியா யோசித்தாள். "இன்னிக்குக் காலையில சொன்னாருங்க. ஒடம்பு சுடுது, இன்னிக்கு ஒரு நாள் ஓடாதேன்னு சொன்னாரு. நான்தான் வாக்கு குடுத்துட்டமே, அவங்க பெங்களூர்ல இருந்து வந்து காத்திருப்பாங்கன்னு வந்துட்டேன்."

"அதுல அந்த ஒடம்பு சுடுது, இன்னிக்கு ஒரு நாள், அத மட்டும் விட்டுட்டு ஒரு தடவ சொல்லுங்களேன்."

"அர்த்தம் மாறிடாதுங்களா?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம். சும்மா சவுண்டுக்குத்தான்."

சாதியா கயிறு கட்டியிருந்த பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு நேராக உட்கார்ந்தாள். "எங்க வூட்டுக்காரரு ஓடாதேன்னு சொன்னாரு."

"சிரிக்காம."

"எங்க வூட்டுக்காரரு ஓடாதேன்னு சொன்னாரு."

"இன்னொரு தடவ. கீழ பாத்துக்கிட்டு."

"எங்க வூட்டுக்காரரு ஓடாதேன்னு சொன்—" இருமல் வந்தது. அடக்கிக்கொண்டு முடித்தாள். "—னாரு."

"சூப்பர் மேடம். இதான். இதான் வேணும்."

யாரோ கைதட்டினார்கள். சாதியா எழுந்தாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். சட்டையில் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றத் தெரியாமல் அதையே குனிந்து பார்த்தாள்.

"முடிஞ்சுதுங்களா?" என்றாள். "அவரு வெயில்ல நிக்கிறாரு."